மலைக்குச் செலவு பார்த்த கிராணியார்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மாட்டுக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை இது. பேனாவைப் பிடித்தால் நடுங்குகிறது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதிலும் வாத்தியார் பாதி நாள் வரமாட்டார். எங்கே எந்த எழுத்துப் போட வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். அச்சுக் கோக்கிறவர் எழுத்தைத் திருத்திப் போட்டுக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

வாசகசாலையில் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு படத்திறப்பு விழா நடந்தது. எங்கள் கிராணியாரின் படம். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. படத்துக்குக் கீழே தங்க மையில் எழுதியிருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு அவர் கிராணியார்தான், கணக்கு எழுதுகிறவர். காட்டு இலாகாவிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்து பேசினார். "காட்டின் காவலர், பறவைகளின் தோழர்" என்றார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த சீலையில், மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு வைத்ததுபோன்ற ஒரு பெரிய பறவையை வரைந்திருந்தார்கள். மலாய்க்காரர்கள் எங்காங் என்று சொல்வது. இருவாட்சி என்று அதற்குத் தமிழில் பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லாரும் கைதட்டினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பறவையின் கறி என்ன ருசி என்று எனக்குத் தெரியும்.

அவரோடு வேலை செய்தவன் என்று என்னை எழுப்பிப் பேசச் சொன்னார்கள். நான்கு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே நூறு பேர் இருந்தார்கள். "நல்லவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். காரியதரிசிப் பையனுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "எழுதியாச்சும் கொடுங்க அண்ணே, மலர்ல போடுறோம்" என்றான். அதனால்தான் இது.

ஜப்பான்காரன் காலத்தில் இந்தப் பினாங்கில் ஆயர் ஈத்தாமுக்கு மேலே மலைச்சரிவில் மரம் வெட்டிய கூட்டத்துக்கு அவர் கிராணி. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பலகைக் கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நான் மாட்டுக்காரன். வெட்டிய மரத்தைச் சங்கிலியில் பிணைத்து, என் இரண்டு மாடுகளை வைத்துக் கீழே சாலைவரை இழுத்து வருவது என் வேலை. கோடாலிக்காரர்களுக்குப் பெரியவர் மாரிமுத்து அண்ணன். எல்லாருமாகப் பன்னிரண்டு பேர்.

கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். உடனே அந்த ஊர்க்காரர்களே இப்படித்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேட்டதற்கு மேலே கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவருடைய கஞ்சத்தனம் இவரே சுயமாகச் சம்பாதித்தது.

அவரிடம் ஒரு குடை இருந்தது. தூறலுக்கு அதை விரிக்கமாட்டார். இந்தத் தூறலுக்கு எதற்குத் துணியை நனைப்பது என்பார். பெருமழைக்கும் விரிக்கமாட்டார், காற்றில் கம்பி மடங்கிவிடுமாம். குடையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்பார். தீக்குச்சியைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து இரண்டாக்குவார். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மலை ஏறி, அதிகாரி வரும் சத்தம் கேட்டால் மட்டும் காலில் மாட்டுவார்.

அப்போது சந்திக்குச் சந்தி ஜப்பான் சிப்பாய் நிற்பான். இடுப்பு வளைய அவனுக்கு வணக்கம் போட வேண்டும். போடாவிட்டால் அறை விழும். கிராணியார் மட்டும் சிப்பாய் நிற்கும் தெருவையே தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு வருவார். நாங்கள் அதை மானம் என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டோம். ஒரு நாள் மாரிமுத்து அண்ணன் வாய்விட்டுக் கேட்டார்.

"அவனுக்குக் குனியக் கூடாதுன்னுதானே கிராணியாரே சுத்திப் போறீங்க?"

"உமக்கென்ன விசரே? குனிஞ்சால் சட்டையில முதுகுத் தையல் விட்டுப்போகும். இருக்கிறதே ஒரு சட்டை. நூல் ஆர் தருவினம்?"

"அவ்வளவு தூரம் நடந்தா சப்பாத்து தேயாதா?"

"அதைக் கழட்டித்தானே நடக்கிறன்."

மாரிமுத்து அண்ணன் என் பக்கம் திரும்பி, "மானமாம்லா, மானம்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் நூலுக்கு மானம் என்று பெயர். சட்டை கிழிந்தால், "மானம் இருந்தா ஒரு முழம் கொடு" என்போம்.

எதைக் கண்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன செலவு காணும்?" கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் அதுதான். இழவுக்குப் போனாலும் அதுதான். காய்ச்சலில் படுத்தவனைப் பார்க்க வந்தாலும் அதுதான். காய்ச்சலுக்கு எங்கள் கூட்டத்துக்கென்று கொயினா மாத்திரை கொஞ்சம் கொடுத்திருந்தார்கள். அது அவர் பொறுப்பு. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் பிளேடால் இரண்டாக வெட்டி, பாதியைக் கொடுப்பார். மீதிப் பாதி ஒரு பழைய புகையிலை டின்னுக்குள் போகும். நான் பல் கிட்டிக் கிடந்தபோதும் பாதிதான். "முழுசாக் குடுங்க கிராணியாரே, ஆள் போயிடுவான்" என்று மாரிமுத்து அண்ணன் கெஞ்சினார். "அரைவாசிக்குப் போகாத காய்ச்சல் முழுசுக்கும் போகாது" என்றார் அவர். நான் பிழைத்தேன். அது மாத்திரையினாலா, அவரைத் திட்டவாவது எழுந்திருக்க வேண்டும் என்ற ரோஷத்தினாலா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த டின் மட்டுமல்ல. அவர் கட்டிலுக்கடியில் ஒரு சாக்கு உண்டு. அறுந்த கயிற்றுத் துண்டு, தேய்ந்த சவர்க்காரம், மெழுகுவர்த்தி அடி, ஒற்றைப் பொத்தான் எல்லாம் அதில் கிடக்கும். அந்தச் சாக்கைத்தான் அவர் கட்டியிருக்கிறார் என்பான் எங்களில் ஒருவன். அது ஓர் உண்மையும்கூட. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. செலவு கேட்டுப் பயந்திருப்பார்.

இனி, எங்களுக்கு என்ன ஆபத்து இருந்தது என்று சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரன் அப்போது மரக்கப்பல் கட்டிக்கொண்டிருந்தான். அதற்கு மரம் தருகிறவர்கள் என்று எங்கள் பன்னிரண்டு பேருக்கும் சிவப்புத் துணியில் கைப்பட்டை கொடுத்திருந்தான். அது கையில் இருக்கும்வரை எங்களை யாரும் தொடமாட்டார்கள். அது இல்லாத ஆண்பிள்ளைகளைச் சயாமில் ரயில் பாதை போட என்று பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி முதல் நாளே சரிவைக் கையால் காட்டி உடைந்த மலாயில் சொன்னான்: "சினி ஹாபிஸ், செமுவா பெர்கி சயாம்." இங்கே மரம் தீர்ந்தால் எல்லாரும் சயாமுக்கு என்று அர்த்தம். மிரட்டவில்லை. சாப்பாட்டு நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

ஆக, வேகமாக வெட்டினால் மலை தீரும். மலை தீர்ந்தால் ரயில். மெதுவாக வெட்டினால் வாரக் கணக்குக் குறையும். குறைந்தால் அடி, அதற்குப் பிறகு ரயில். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. அதில் நடக்கத் தெரிந்த கால் இந்த உலகத்தில் ஒரு கஞ்சனின் கால்தான். அது எங்களுக்கு வாய்த்தது.

காட்டு இலாகா அதிகாரி மேடையில் வியந்து வியந்து சொன்னதெல்லாம் உண்மைதான். காடு முழுக்கத் தாறுமாறாகத் தடம் போடாமல் ஒரே இழுப்புப் பாதையை வைத்தார் என்றார். வைத்தார்தான். இன்னொரு பாதை வெட்ட நான்கு பேருக்கு ஒரு வாரக் கூலி, அதுதான் காரணம். ஓடையோரத்து மரங்களைத் தொடவில்லை என்றார். அந்த ஈரத்தில் மாட்டுக் குளம்பு அழுகிவிடும். மாட்டுக்கு மருந்து யார் வாங்குவது? அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழே ஊருக்கெல்லாம் போகிறது என்று அதிகாரி சொன்னபோது, கிராணியார் அதைக் கேட்டிருந்தால் ஊரிடம் அதற்கு ஏதாவது வசூலித்திருப்பாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. செங்குத்தான மேல்சரிவில் மரம் எடுத்தால் கயிறு அறும். ஆகவே அங்கே எடுக்கவில்லை. மணிலாக் கயிறு அப்போது தங்கம் மாதிரி.

அவர் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. கப்பல் கட்டும் இடத்துக்கு மரத்தோடு போனபோது, கப்பலின் விலா எலும்புக்கு இயற்கையாகவே வளைந்த மரம் வேண்டும், அது கிடைக்காமல் அவர்கள் அல்லாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். நாங்கள் அதுவரை வளைந்த கிளைகளை விறகுக்குத் தள்ளிக்கொண்டிருந்தோம். அன்று மாலை மலைக்கு வந்தவர் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"இனிமேல் ஒரு மரம் விழுந்தால் அதில நாலு மரம் இருக்குக் காணும்!"

அதற்குப் பிறகு வெட்டிய மரத்தில் வால் முதல் தலை வரை எதுவும் வீணாகவில்லை. காற்றில் விழுந்த மரத்தைத் தேடிப்பிடித்தோம். நின்ற மரத்தில் கிளையை மட்டும் இறக்கினோம். அடிமரத்தை மண்ணோடு ஒட்ட அறுக்கச் சொல்லி எங்கள் முதுகை ஒடித்தார். வாரக் கணக்கு நிறைந்தது, சரிவு குறையவேயில்லை.

ஒரு முறை மாரிமுத்து அண்ணன் சாய்த்த மரம் கொஞ்சம் திரும்பி, பக்கத்தில் நின்ற தொடைப் பருமன் கன்றுமரம் ஒன்றை முறித்துவிட்டது. கிராணியார் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பிணத்துக்குப் பக்கத்தில் உட்காருவதுபோலத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இருபது வருசம் போனால் இது என்ன மரமா வரும் தெரியுமே?"

"இருபது வருசத்துல நீங்க இருக்கணும்லா கிராணியாரே."

"நான் இல்லாட்டி என்ன? மரம் இருக்கும்தானே."

மேடையில் இருந்தவர்கள் இதைக் கேட்டால் இதையும் தங்க மையில் எழுதிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். சொல்லி முடித்த கையோடு அவர் மாரிமுத்து அண்ணனின் அந்த வாரப் புகையிலையில் பாதியை வெட்டினார். முறிந்த மரத்துக்கு நஷ்டஈடாம். அந்தப் பாதியும் டின்னுக்குள்தான் போயிற்று.

இப்போது அந்தப் பறவை. இழுப்புப் பாதை முடிந்து மேல்சரிவு தொடங்கும் இடத்தில் மிகப் பெரிய மரம் ஒன்று நின்றது. முன்னால் நின்று பார்த்தால் தேர் மாதிரி நேராக இருக்கும். பின்பக்கம், எட்டாத உயரத்தில், ஒரு பொந்து. வருஷந்தோறும் பெட்டைப் பறவை உள்ளே போய் உட்கார்ந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். சேவல் நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து அந்தக் கீறலில் ஊட்டும். அது பறந்து வரும்போது மலையில் யாரோ பெரிய விசிறி வீசுவதுபோலச் சத்தம் கேட்கும்.

கிராணியாருக்கு அந்த மரம் பிடிக்கும். "பறவை குடியிருந்தால் உள்ளுக்கு வெறும் பொந்து எண்டது நிச்சயம். வெட்டுக் கூலி முழுசு, மரம் ஒண்டுமில்லை. விடும் அதை" என்பார். சேவலைப் பார்த்து ஒரே ஒரு முறை புகழ்ந்திருக்கிறார்: "பாரும், பெண்சாதியைச் சுவருக்குள்ள வைச்சுப் பூசிப்போட்டுது. சேலைச் செலவு இல்லை." பறவைகளின் தோழர் பறவையைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை என் காதில் விழுந்தவரை இது ஒன்றுதான்.

எங்களுக்கு வினை வந்தது அவருடைய சிக்கனத்தாலேயேதான்.

ஜப்பான் அதிகாரி ஒரு நாள் கணக்குகளைப் பார்த்தான். மற்ற மலைகளில் இரண்டு மடங்கு ஆளும் மூன்று மடங்கு கயிறும் போய்க்கொண்டிருந்தது. இங்கே பன்னிரண்டு பேர், இரண்டு மாடு, கொஞ்சம் கயிறு. ஆனால் மரம் குறையாமல் வருகிறது, சரிவும் அப்படியே பச்சையாக நிற்கிறது. அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். "பாகூஸ், பாகூஸ்" என்று கிராணியார் தோளைத் தட்டினான். இவ்வளவு செலவு குறைந்த மலையை இப்படித் துளித் துளியாகவா வெட்டுவது? இரும்பு வடம் போட்ட இழுவை எந்திரம் ஒன்று வருகிறது. அதையும் நூறு ஆட்களையும் இங்கேதான் அனுப்பப்போகிறேன். மேல்சரிவையும் சேர்த்து இரண்டே மாதத்தில் மொட்டையடித்துவிடலாம் என்றான். போகிற போக்கில் எங்கள் கைப்பட்டைகளையும் ஒரு பார்வை பார்த்தான்.

கிராணியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மிச்சம் பிடிக்கத்தான் என்று முதலில் நினைத்தோம். பிறகு பார்த்தால் கணக்குப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நான் மிச்சம் பிடிச்சதுதான் பிழையாப் போச்சு. செலவு காட்டியிருக்க வேணும்."

"இப்பக் காட்டுங்க" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"எப்பிடிக் காட்டுறது? எனக்குச் செலவு செய்யத் தெரியாதே காணும்!"

சிரிக்கக் கூடாத நேரம். ஆனாலும் எங்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் அவர் திட்டத்தோடு வந்தார். மேல்சரிவில் மரம் எடுப்பது நஷ்டம் என்று அதிகாரி தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு அவன் முன்னாலேயே ஒரு மரத்தைச் சாய்க்க வேண்டும். எந்த மரம் என்று அவர் சொன்னதும் மாரிமுத்து அண்ணன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுல இப்பப் பெட்டை உள்ள இருக்கு கிராணியாரே. குஞ்சும் இருக்கும்."

"தெரியும்."

"வேற மரமே இல்லையா?"

"உள்ளுக்குப் பொந்து எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச மரம் அது ஒண்டுதான். சந்தேகமான மரத்தைச் சாய்ச்சு, உள்ளுக்கு நல்ல வைரம் இருந்துதெண்டால்? எந்திரம் அடுத்த நாளே வந்திடும். பன்னிரண்டு பேருக்கும் ரயில்."

மாரிமுத்து அண்ணன் கோடாலியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்த நாளை நான் மறக்கமாட்டேன். கிராணியார் சப்பாத்தைக் கீழேயே மாட்டிக்கொண்டு மலை ஏறினார்; அதிலிருந்தே ஏதோ பெரிய காரியம் என்று மாடுகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அதிகாரியை இழுப்புப் பாதை வழியாகவே அழைத்து வந்தார். பாதை முடிந்ததும் அந்த மரம்தான் கண்ணில் படும், முன்பக்கம். அதிகாரி தானாகவே அதைக் காட்டி, "இனி" என்றான். இது என்று அர்த்தம். கிராணியார், "இதுவா, துவான்?" என்று தயங்குவதுபோல இழுத்தார். நாடகக் கொட்டகையில் போட்டால் காசு வாங்கலாம்.

சரிவு செங்குத்து. மரத்தைப் பாதைப் பக்கம் இழுத்துச் சாய்ப்பதாகப் பேர். அதற்குக் கிராணியார் தன் கட்டிலுக்கடியில் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்த புத்தம்புது மணிலாக் கயிற்றைக் கொண்டுவந்தார். ஒரு சுருள் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாறை விளிம்பில் உராயும்படி அதைக் கட்டச் சொன்னார். அப்படிக் கட்டினால் என்ன ஆகும் என்று மாட்டுக்கும் தெரியும். கட்டினேன். கயிறு இழை இழையாக அறுந்தது. ஒவ்வோர் இழைக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி இழை போனபோது அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அது நடிப்பில்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் அரசாங்கச் சொத்துக்கு இவ்வளவு அழுகிறானே என்று மனம் உருகிப்போனான்.

மரம் பாதைக்கு வராமல் பள்ளத்தில் குறுக்கே விழுந்து பிளந்தது. உள்ளே மரம் இல்லை. பழுப்புத் தூள் புகைபோலக் கிளம்பி எல்லார் தலையிலும் படிந்தது. கிராணியார் இறங்கிப் போய் இரண்டு கை நிறையத் தூளை அள்ளிக்கொண்டு வந்து அதிகாரியிடம் நீட்டினார். கயிறு, மடங்கிப்போன ரம்பம், பன்னிரண்டு பேரின் ஒரு நாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "வரவு இவ்வளவுதான் துவான். மேலே நிற்கிறதெல்லாம் இப்படித்தான்" என்று மலாயில் சொன்னார்.

அது சுத்தப் பொய். மேலே நின்றவைதான் அந்த மலையின் நல்ல மரங்கள். செலவுக் கணக்கில் அரைக் காசு தப்புச் சொல்லாத மனிதர் சொன்ன பொய் ஆகையால் அதிகாரி நம்பினான். கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான். எந்திரம் எங்கள் பக்கம் வராது என்று மறுநாள் தகவல் வந்தது.

அவன் போனதும் பெட்டைப் பறவையைப் பார்த்தோம். உள்ளே உட்கார்ந்திருக்கும் காலத்தில் அதன் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். தப்பினாலும் பறந்திருக்க முடியாது. தப்பவில்லை. குஞ்சும் பிழைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்த்து எத்தனையோ மாதம்.

"வீணாக்க வேண்டாம்" என்றார் கிராணியார். "சமையுங்கோ."

அவர் சைவம். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சமைத்தோம், தின்றோம். கறி முரடு, புளித்த பழ வாசனை அடித்தது. நாங்கள் தின்றுகொண்டிருக்கும்போதே அந்த விசிறிச் சத்தம் கேட்டது. சேவல் வாயில் பழத்தோடு வந்து, மரம் இருந்த இடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்தியது. மறுநாளும் வந்தது. கிராணியார் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இண்டைக்கு வேலை இல்லை. எல்லாரும் போங்கோ" என்றார்.

கூலியோடா, கூலி இல்லாமலா என்று கேட்க மாரிமுத்து அண்ணனுக்கே தைரியம் வரவில்லை. கூலியோடுதான். சம்பளம் வாங்கியபோது தெரிந்தது.

கதையை இங்கே முடித்தால் படத்துக்குப் போட்ட மாலை வாடாமல் இருக்கும். ஆனால் எந்திரம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்க வேண்டாமா? மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவ் சரிவுக்குப் போயிற்று. அங்கேயும் எங்களைப்போல ஒரு தமிழ்க் கூட்டம் கைப்பட்டையோடு வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் அந்தச் சரிவு மொட்டை. கைப்பட்டைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களைக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊருக்குக் கொண்டுபோய் ரயில் ஏற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிராணியார் என்னை மாட்டு வண்டியைக் கட்டச் சொன்னார். வண்டிச் செலவு பற்றி ஒன்றும் பேசவில்லை. அறையிலிருந்து அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். படகுத்துறைக்குச் சிப்பாய் நிற்கும் தெரு வழியாகத்தான் நேராகப் போக வேண்டும். போனோம். இறங்கிக் குனிந்தார். முதுகுத் தையல் விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்டது.

துறையில் அவர்களைக் குந்த வைத்திருந்தார்கள். எல்லாம் எங்கள் வயதுக்காரர்கள். கிராணியார் சாக்கை அவர்களில் ஒருவன் மடியில் வைத்தார். சவர்க்காரத் துண்டு, மெழுகுவர்த்தி அடி, கயிறு, பொத்தான், மாரிமுத்து அண்ணனின் பாதிப் புகையிலை. கடைசியாக அந்த டின்னைத் தனியாக எடுத்துக் கையில் கொடுத்தார்.

"கொயினா. எல்லாம் அரைவாசி. காய்ச்சல் வந்தால் ரெண்டாப் போடுங்கோ. முழுசாப் போடுங்கோ" என்றார்.

எதையும் முழுசாகப் போடச் சொல்லி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

சண்டை முடிந்தது. எங்கள் பன்னிரண்டு பேரும் இருந்தோம். மேல்சரிவும் இருந்தது. சயாமுக்குப் போன அந்தக் கூட்டத்தில் திரும்பி வந்தது இரண்டு பேர். அதில் ஒருவன், மடியில் சாக்கை வாங்கிக்கொண்டவன், பிறகு டவுனில் திரிஷா வண்டி மிதித்தான். ஒரு நாள் அவனிடம் அந்த டின்னைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? பிறையில இறங்கினதுமே சோதனை அண்ணே. சிப்பாய் அவுத்துப் பார்த்தான். எல்லாம் துண்டும் துணுக்குமா இருந்திச்சா, குப்பைன்னு நெனச்சுட்டான். டின்னோட தூக்கிக் கடல்ல வீசிட்டான்லா."

அந்த வாரமே கிராணியாரைச் சந்தையில் பார்த்தேன். கிழவராகிவிட்டிருந்தார். தையல் போட்ட அதே சட்டை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பொடியங்களில ஆரும் திரும்பி வந்தவையோ?"

"வந்தாங்க கிராணியாரே."

"மருந்து உதவினதாமோ?"

எனக்குத்தான் பேச்சே வராதே. ஆனால் அன்றைக்கு வந்தது.

"உதவிச்சாம். அதனாலதான் பிழைச்சோம்னு சொன்னாங்க."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தீரே?" என்றார். "அண்டைக்கு என்னைத் திட்டினீங்கள் எல்லாரும். முழுசு முழுசாக் குடுத்திருந்தால் எப்பவோ தீர்ந்திருக்கும்."

பக்கத்துக் கடைக்கு என்னை அழைத்துக்கொண்டு போய் ஒரு தேநீர் வாங்கினார். இன்னொரு கிளாஸ் கேட்டு, அதை இரண்டாக ஊற்றினார். என் பங்கு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

எழுதி முடித்தது: பினாங்கு, 1958 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.